டெபியன் சர்வர் கற்றல்: டிஎஃப் 18 ஜிபி என்கிறது, டியூ 9 ஜிபிகூடக் காட்டவில்லை. மீதி எங்கே?

#1 · புதுமுனையம்

வணக்கம். சர்வர் நிர்வாகத்தை அடியிலிருந்து கற்க, விர்ச்சுவல் மெஷினில் டெபியன் 12 நிறுவியிருக்கிறேன். ராம் 2 ஜிபி. முதல் டிஸ்க் 20 ஜிபி: பெரும்பகுதி எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ரூட் (/), மீதி ஸ்வாப். இரண்டாவது டிஸ்க் 10 ஜிபி, அது /பேக்கப் என்ற இடத்தில் மவுன்ட் ஆகிறது. என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் ஓடுகிறது, தளத்தின் லாக் கோப்புகள் /எஸ்ஆர்வி/சைட்/லாக்ஸ் அடைவில் விழுகின்றன.

இப்போது எதை எழுதினாலும் "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்று வருகிறது. 6 ஜிபிக்கு வளர்ந்திருந்த ஆக்சஸ் லாகை ஆர்எம் போட்டு அழித்தேன். ஒரு எம்பிகூடத் திரும்பவில்லை.

டிஎஃப் -ஹெச் / காட்டுவது: அளவு 19ஜி, பயன் 18ஜி, மிச்சம் 0, 100%.
டியூ -எக்ஸ் -எஸ் -ஹெச் / காட்டுவது: 8.7ஜி.

இரண்டில் எது பொய்? 19-இல் 18 போனால் 1 இருக்க வேண்டுமே, அது ஏன் 0? இடத்தை மீட்பதோடு, இதன் அடிப்படையும் புரிய வேண்டும்.

#2 · நெறியாளர்

புதிதாக வருபவர்களுக்கு: இங்கே கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழில் எழுதுகிறோம். முனையத்தில் தட்டும்போது வழக்கமான ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் எழுதுபவர் அதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் லினக்ஸில் சிறிய ஆரும் பெரிய ஆரும் வேறு வேறு.

#3 · கடைமடை

இரண்டுமே உண்மை சொல்கின்றன. கேட்கும் இடம்தான் வேறு.

டிஎஃப் கோப்பு முறைமையின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து, எத்தனை பிளாக் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று சொல்கிறது. டியூ அடைவு அடைவாக நடந்து, பெயர் உள்ள கோப்புகளை மட்டும் கூட்டுகிறது. ஆகவே டிஎஃப் அதிகமாகவும் டியூ குறைவாகவும் இருந்தால், பெயர் இல்லாமலோ, டியூ நடந்து போக முடியாத இடத்திலோ பிளாக்குகள் பிடிபட்டிருக்கின்றன என்று பொருள்.

முதலில் அந்த 1 ஜிபி. எக்ஸ்ட்4 உருவாகும்போது 5 சதவீதத்தை ரூட் பயனருக்கென்று (நிர்வாகி) ஒதுக்கி வைக்கிறது. 19-இல் 5 சதவீதம் கிட்டத்தட்ட 1 ஜிபி. மிச்சம் என்ற பத்தி சாதாரணப் பயனருக்கு உள்ளதைக் காட்டுவதால் 0 வருகிறது. டிஸ்க் நிறைந்த வேளையிலும் நீங்கள் ரூட்டாக உள்ளே வந்து வேலை பார்ப்பதற்காகத்தான் அந்த ஒதுக்கீடு. அதனால் இப்போதும் சூடோவோடு (ரூட் உரிமையில் ஓட்டும் கட்டளை) ஒரு தொகுப்பை நிறுவ முடியும்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் எல்எஸ்ஓஎஃப்
சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1

இரண்டாம் வரியில் எல் பெரிய எழுத்து. இணைப்பு எண்ணிக்கை 1-க்குக் கீழே உள்ள, ஆனாலும் திறந்திருக்கும் கோப்புகளை அது பட்டியலிடும். ஆர்எம் அழிப்பது பெயரைத்தான். தரவு, ஐநோடு என்ற உள்பதிவு சுட்டும் பிளாக்குகளில் இருக்கிறது. ஐநோடுக்குக் கடைசிப் பெயரும் போய், அதைத் திறந்து வைத்திருக்கும் கடைசிப் புராசஸும் மூடினால்தான் பிளாக்குகள் விடுபடும். உங்கள் என்ஜின்எக்ஸ் அந்த லாகை இன்னும் கையில் பிடித்திருக்கிறது என்றே நினைக்கிறேன். வெளியீட்டைப் போடுங்கள், பார்ப்போம்.

#4 · புதுமுனையம்

மூன்று வரி வந்தது. மூன்றிலும் என்ஜின்எக்ஸ், ஒவ்வொன்றிலும் 6.0 ஜிபி அளவு, கடைசியில் "டெலிடட்". அப்படியானால் 18 ஜிபியா? புராசஸ் எண் 812, 813, 814. ஃபைல் டிஸ்கிரிப்டர் 5.

/பிராக்/812/எஃப்டி/5 வழியாகக் காலி செய்யலாம் என்று படித்து இதைப் போட்டேன்:

சூடோ எக்கோ -என் > /பிராக்/812/எஃப்டி/5

"பெர்மிஷன் டினைட்" என்கிறது. சூடோ போட்டும் ஏன் மறுக்கிறது? பேசாமல் ரீபூட் செய்துவிடட்டுமா?

#5 · இரவுப்பணி

ரீபூட் வேண்டாங்க. பண்ணினா இடம் திரும்பிடும், ஆனா எதனால திரும்புச்சுன்னு தெரியாமலே போயிடும். அடுத்த மாசம் இதே கதை.

மூணு வரி இருந்தாலும் கோப்பு ஒண்ணுதான். நோட் பத்தியில இருக்கிற எண்ணைப் பாருங்க, மூணுலயும் ஒரே எண் இருக்கும். 812 மாஸ்டர், மத்த ரெண்டும் ஒர்க்கர், மாஸ்டர் திறந்ததை அதுங்களும் வாங்கி வெச்சிருக்கு. அளவைக் கூட்டக்கூடாது.

சூடோ ஏன் மறுத்துச்சுன்னா, அந்த > குறி சூடோவுக்குப் போறதே இல்ல. உங்க ஷெல் முதல்ல கோப்பைத் திறக்கப் பார்க்குது, ஷெல் ஓடுறது சாதாரணப் பயனரா. அது அங்கேயே தோத்துப் போச்சு, எக்கோ ஓடவே இல்ல. ரூட் கோப்புக்குள்ள எழுதணும்னா எழுதுற வேலையையே சூடோகிட்ட குடுங்க: எக்கோ ... | சூடோ டீ -ஏ கோப்பு. அந்த -ஏ விட்டுப்போனா டீ பழைய உள்ளடக்கத்தை முழுசா அழிச்சுட்டு எழுதும். /ஈடிசி கோப்புல ஒரு வரி சேர்க்கப் போய் முழுக் கோப்பையும் இழக்கிறது இந்த இடத்துலதான்.

உங்களுக்கு இப்ப வேண்டியது இவ்வளவுதான்:

சூடோ என்ஜின்எக்ஸ் -எஸ் ரீஓபன்

இது மாஸ்டருக்கு யூஎஸ்ஆர்1 சிக்னல் அனுப்பும். பழைய லாகை மூடிட்டு அதே பெயர்ல புதுசு திறப்பாங்க. வர்ற இணைப்பு எதுவும் அறுபடாது.

இனிமே பெரிய லாக் கிடைச்சா ஆர்எம் போடாதீங்க. ட்ரன்கேட் -எஸ் 0 கோப்பு. பெயர் அப்படியே இருக்கும், உள்ளடக்கம் மட்டும் போகும், இடம் அந்த நொடியே வரும். ஒரு எச்சரிக்கை: எழுதுற நிரல் அப்பெண்ட் முறையில திறந்திருந்தாத்தான் இது சுத்தமா வேலை செய்யும். என்ஜின்எக்ஸ் அப்படித்தான் திறக்குது. அப்படித் திறக்காத நிரல் பழைய இடத்துலேருந்தே தொடர்ந்து எழுதும். எல்எஸ்ல பார்த்தா 6 ஜிபி, டியூல பார்த்தா சில கேபி, நடுவுல ஓட்டையா ஒரு கோப்பு உருவாகும்.

#6 · புதுமுனையம்

ரீஓபன் போட்டதும் டிஎஃப் பயன் 12ஜி ஆனது. எல்எஸ்ஓஎஃப் +எல்1 இப்போது காலி. ஆனால் டியூ இன்னும் 8.7 என்றே சொல்கிறது. 3.3 ஜிபி கணக்கில் வரவில்லை.

#7 · கடைமடை

பெயரில்லாதவை தீர்ந்தன. இனி பெயர் இருந்தும் டியூ போக முடியாத இடம்.

உங்களிடம் /பேக்கப் ஒரு மவுன்ட் புள்ளி. ரூட் டிஸ்க்கில் அது ஒரு சாதாரண அடைவு. அதன் மேல் இரண்டாவது டிஸ்க் மவுன்ட் ஆனதும், கீழே ரூட் டிஸ்க்கில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் அது மறைந்துவிடும். அழிவதில்லை, இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும். கிணற்றின் மேல் பலகை போட்டது போல. அதைப் பார்க்க ரூட்டை இன்னோர் இடத்தில் பைண்ட் செய்யுங்கள்:

சூடோ மவுன்ட் --பைண்ட் / /எம்என்டி
சூடோ டியூ -எக்ஸ் -ஹெச் --மேக்ஸ்-டெப்த்=1 /எம்என்டி | சார்ட் -ஹெச்

பைண்ட் ரூட் கோப்பு முறைமையை மட்டும் காட்டும், மேலே மவுன்ட் ஆனவற்றைக் கூட்டிவராது. --ஆர்பைண்ட் என்றும் ஒன்று உண்டு, அது எல்லாவற்றையும் கூட்டிவரும். அதைப் போட்டுவிட்டு /எம்என்டி/பேக்கப் உள்ளே ஆர்எம் ஓட்டினால் அழிவது உங்கள் உண்மையான பேக்கப் டிஸ்க். இரண்டுக்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம், எனவே அழிக்கும் முன் டிஎஃப் /எம்என்டி/பேக்கப் என்று கேட்டு, ரூட் டிஸ்க்கின் பெயர் வருகிறதா என்று பாருங்கள்.

இடம் சம்பந்தமாக வேறொரு சந்தேகம் எப்போதாவது வந்தால் டிஎஃப் -ஐ. ஐநோடு தீர்ந்தாலும் இதே "நோ ஸ்பேஸ்" செய்திதான் வரும், ஜிபி கணக்கில் மிச்சம் ஏராளமாக இருக்கும்போதே. எக்ஸ்ட்4 இயல்பாக 16 கேபிக்கு ஒரு ஐநோடு என்று ஒதுக்குவதால் உங்கள் ரூட்டில் சுமார் 12 லட்சம் இருக்கும். பிஎச்பி செஷன் கோப்புகள், அஞ்சல் வரிசை போன்றவைதான் அதைத் தின்பவை. உங்கள் வழக்கு அதுவன்று, ஏனெனில் மிச்சம் 0 என்று பிளாக் கணக்கிலேயே வந்துவிட்டது.

#8 · புதுமுனையம்

/எம்என்டி/பேக்கப் 3.3ஜி! 8.7, 6.0, 3.3 கூட்டினால் சரியாக 18.

ஆனால் அங்கே எப்படிப் போனது? ஒவ்வொரு இரவும் கிரான் (நேரம் பார்த்து ஓட்டுவது) வழியாக ஆர்சிங்க் (நகலெடுக்கும் நிரல்) /பேக்கப் உள்ளே எழுதுகிறது. பூட் ஆகும்போது எதை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பின் வரி:

/டெவ்/எஸ்டிபி1 /பேக்கப் எக்ஸ்ட்4 டிஃபால்ட்ஸ்,நோஃபெயில் 0 2

இடையில் ஸ்வாப் சோதனைக்காக 1 ஜிபி டிஸ்க் ஒன்றைச் சேர்த்து, சில நாள் கழித்து எடுத்துவிட்டேன். அதற்குத் தொடர்பு இருக்குமா?

#9 · மூலவேர்

தொடர்பு அதேதான் தோழர். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் டிஸ்க்கின் மேல் எழுதியிருப்பவை அல்ல. பூட் ஆகும்போது கெர்னல் கண்டுபிடிக்கும் வரிசையில் கொடுக்கும் பெயர்கள். புது டிஸ்க் எஸ்டிபி ஆகியிருக்கும், பேக்கப் டிஸ்க் எஸ்டிசி ஆகியிருக்கும். புது டிஸ்க்கில் 1 என்ற பகுதி இல்லை, எனவே எஸ்டிபி1 கிடைக்கவில்லை. டிஸ்க் வராவிட்டாலும் பூட் தொடரட்டும் என்னும் நோஃபெயில் இருந்ததால், சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி சத்தமில்லாமல் தாண்டிப் போனது. ஆர்சிங்க் அப்பாவியாக /பேக்கப் அடைவில் எழுதியது, அது ரூட் டிஸ்க். டிஸ்க்கை எடுத்ததும் பெயர் பழையபடி ஆகி மவுன்ட் மேலே ஏறி மறைத்துவிட்டது.

மாற்ற வேண்டியது முதலில் பெயர். எல்எஸ்பிஎல்கே -எஃப் போட்டால் ஒவ்வொரு பகுதியின் யூயூஐடி (வரிசை மாறினாலும் மாறாத அடையாள எண்) தெரியும். வரியை இப்படி எழுதுங்கள்:

யூயூஐடி=... /பேக்கப் எக்ஸ்ட்4 டிஃபால்ட்ஸ்,நோஃபெயில்,எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=10எஸ் 0 2

யூயூஐடி என்ற முதற்சொல் பெரிய எழுத்து. சேமித்ததும் ரீபூட் செய்யாதீர்கள். ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை ஓட்டினால் எழுத்துப்பிழை, இல்லாத யூயூஐடி, இல்லாத அடைவு எல்லாம் அங்கேயே அகப்படும். பிறகு சூடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட், அப்புறம் சூடோ மவுன்ட் -ஏ. எஃப்எஸ்டேப் வரிகளைப் படித்து சிஸ்டம்டி தன் மவுன்ட் யூனிட்களை உருவாக்கி வைத்திருக்கிறது, டீமன்-ரீலோட் போடாவிட்டால் பழைய வரியையே நம்பிக்கொண்டிருக்கும். முன்பு மவுன்ட் செய்ததைக் கழற்றினாலும் மறுபடி ஏறுகிறது என்று சிலர் குழம்புவது இதனால்.

அடுத்து ஸ்கிரிப்ட். ஆர்சிங்க் வரிக்கு மேலே:

மவுன்ட்பாயின்ட் -க்யூ /பேக்கப் || எக்ஸிட் 1

இதற்கும் மேலே இரும்புப் பூட்டு ஒன்று இருக்கிறது. பேக்கப் டிஸ்க்கைக் கழற்றி, காலியான அடைவின் மேல் மாற்றமுடியாக் கொடியைப் போட்டு, மறுபடி மவுன்ட் செய்யுங்கள்:

சூடோ யூமவுன்ட் /பேக்கப்
சூடோ சிஎச்ஏடிடிஆர் +ஐ /பேக்கப்
சூடோ மவுன்ட் /பேக்கப்

இனி டிஸ்க் ஏறாத நாளில் ரூட்டே எழுதப் பார்த்தாலும் "ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்" வரும். மவுன்ட் ஆவதற்கு அந்தக் கொடி தடையாகாது. ஆனால் முதலில் மறைந்திருக்கும் 3.3 ஜிபியை எடுத்துவிடுங்கள், கொடி போட்டபின் மேல்மட்டத்தில் எதையும் அழிக்க முடியாது.

அந்த 3.3-ஐ அழிக்கும் முன் ஒரு ஒப்பீடு:

சூடோ ஆர்சிங்க் -ஏ -வி -என் /எம்என்டி/பேக்கப்/ /பேக்கப்/

-என் என்றால் ஒத்திகை, எதையும் நகலெடுக்காது, என்ன செய்வேன் என்று மட்டும் சொல்லும். அந்தச் சில நாட்களின் பதிப்பு வேறெங்கும் இல்லாமல் போகலாம். மூலப் பாதையின் கடைசிச் சாய்கோட்டைக் கவனியுங்கள்: சாய்கோடு இருந்தால் உள்ளே இருப்பவை போகும், இல்லாவிட்டால் பேக்கப் என்ற அடைவே போய் /பேக்கப்/பேக்கப் உருவாகும். --டிலீட் சேர்த்து ஓட்டுபவர்கள் ஒத்திகை இல்லாமல் ஒருபோதும் ஓட்டக்கூடாது. மூல டிஸ்க் மவுன்ட் ஆகாமல் காலியாக இருந்தால், அந்த வெறுமையை அப்படியே பேக்கப்பிலும் கொண்டுவந்து சேர்க்கும்.

#10 · இரவுப்பணி

மூலவேர் சொன்னது எல்லாம் சரி, ஒண்ணைத் தவிர. நோஃபெயில் மறுபடி எதுக்கு? இந்தச் சிக்கலே அதனாலதான் மறைஞ்சு கிடந்துச்சு. அது இல்லாம இருந்தா 90 நொடி காத்திருந்துட்டு எமர்ஜென்சி மோடுல நின்னிருக்கும், அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். கத்துக்கிற மெஷின்ல தப்பு சத்தமா விழணும்.

#11 · மூலவேர்

கற்கும் மெஷினில் திரை எதிரிலேயே இருக்கிறது, அதனால் நிற்கட்டும் என்று சொல்லலாம். வாடகை சர்வரில் எமர்ஜென்சி மோட் என்றால் எஸ்எஸ்எச் இல்லை. வழங்குநரின் கன்சோல் கிடைக்கும்வரை தளம் முழுக்கக் கீழே. பேக்கப் டிஸ்க் வராததற்காகத் தளம் விழக்கூடாது.

இன்னொன்று: டெபியன் நிறுவும்போது ரூட் கடவுச்சொல்லைக் காலியாக விட்டவர்களுக்கு ரூட் கணக்குப் பூட்டப்பட்டிருக்கும். எமர்ஜென்சி மோட் வந்தாலும் "ரூட் அக்கவுன்ட் ஈஸ் லாக்ட்" என்று சொல்லி உள்ளே விடாது.

#12 · கடைமடை

இரண்டுக்கும் நடுவே கோடு போடலாம். அந்த டிஸ்க் இல்லாமல் சர்வரின் முதன்மைப் பணி நடக்குமா? நடக்கும் என்றால் நோஃபெயில், ஆனால் அந்த டிஸ்க்கை நம்பும் ஒவ்வொரு பணிக்கும் தனிக் காவல் வேண்டும். தரவுத்தளமே அந்த டிஸ்க்கில் இருக்கிறது என்றால் நோஃபெயில் ஆபத்து: காலி அடைவைப் பார்த்துத் தரவுத்தளம் புதிதாகத் தொடங்கிவிட வாய்ப்பிருக்கிறது.

காவலை ஸ்கிரிப்டில் வைப்பதைவிட சிஸ்டம்டியில் வைப்பது எனக்குப் பிடிக்கும். கிரானை விட்டு, ஒரு சர்வீஸ் யூனிட்டும் ஒரு டைமரும் எழுதி, யூனிட் பகுதியில் இந்த வரியைச் சேருங்கள் (ஆர், எம், எஃப் என்ற முதலெழுத்துகள் பெரியவை):

ரிக்வையர்ஸ்மவுன்ட்ஸ்ஃபார்=/பேக்கப்

மவுன்ட் ஆகவில்லை என்றால் சிஸ்டம்டி முதலில் மவுன்ட் செய்யப் பார்க்கும். முடியாவிட்டால் பேக்கப் பணி தொடங்காது. ஏன் என்பது காலையில் ஜர்னல்சிடிஎல் -யூ பேக்கப்.மவுன்ட்-இல் இருக்கும். இரவுப்பணி கேட்ட சத்தமும் வந்தது, தளமும் விழவில்லை.

#13 · இரவுப்பணி

இந்த வரி இருந்தா நோஃபெயிலுக்கு நான் சம்மதம். ஆனா டைமர் எழுதினதும் பழைய கிரான் வரியை மறக்காம எடுத்துடுங்க, ரெண்டும் ஒரே நேரத்துல ஓடும்.

#14 · புதுமுனையம்

யூயூஐடி, டைமர், கொடி எல்லாம் ஆயிற்று. 3.3 ஜிபியும் திரும்பியது. பயன் 8.7ஜி.

அடுத்து லாக் 6 ஜிபிக்கு வளர்ந்ததே ஏன் என்று பார்த்தேன். லாகைக் குறித்த நேரத்தில் சுழற்றும் லாக்ரொட்டேட்டின் /ஈடிசி/லாக்ரொட்டேட்.டி/என்ஜின்எக்ஸ் கோப்பில் /வார்/லாக்/என்ஜின்எக்ஸ் பாதை மட்டும் இருக்கிறது, என் அடைவு இல்லை. அதைப் பார்த்து எனக்கென்று /ஈடிசி/லாக்ரொட்டேட்.டி/சைட் எழுதினேன்: டெய்லி, ரொட்டேட் 14, மேக்ஸ்சைஸ் 200எம், கம்ப்ரெஸ், டிலேகம்ப்ரெஸ், மிஸ்ஸிங்ஓகே, கிரியேட் 0640 டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா ஏடிஎம், போஸ்ட்ரொட்டேட்டில் என்ஜின்எக்ஸ் -எஸ் ரீஓபன்.

லாக்ரொட்டேட் -டி ஒத்திகையில் வந்தது: "ஸ்கிப்பிங் ... பிகாஸ் பேரன்ட் டைரக்டரி ஹேஸ் இன்செக்யூர் பெர்மிஷன்ஸ்". தொடக்கத்தில் என்ஜின்எக்ஸ் எழுத மாட்டேன் என்றதால் அந்த அடைவுக்கு சிஎச்மாட் -ஆர் 777 (பெரிய ஆர்) போட்டிருந்தேன். அதுவா?

#15 · கடைமடை

அதுவே. லாக்ரொட்டேட் ரூட்டாக ஓடி, கோப்புக்குப் பெயர் மாற்றி, புதுக் கோப்பு உருவாக்கி, உரிமையாளரை மாற்றுகிறது. யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய அடைவில் அதைச் செய்தால், நடுவில் ஒருவர் லாக் கோப்பை எடுத்துவிட்டு அதே பெயரில் ஒரு சிம்லிங்கை (வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு) வைத்து, ரூட்டின் கையாலேயே வேறொரு கோப்பை மாற்ற வைக்கலாம். இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2016-இல் டெபியனின் என்ஜின்எக்ஸ் தொகுப்பிலேயே இந்த வகை ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. லாக் அடைவு, என்ஜின்எக்ஸ் ஒர்க்கர்கள் ஓடும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா பயனருக்குச் சொந்தமாக இருந்ததால், தளத்தின் வழியே அந்தப் பயனராக நுழைந்தவர் ரூட் வரை ஏற முடிந்தது. திருத்தம் என்ன தெரியுமா? அடைவின் உரிமையை ரூட்டுக்கு மாற்றியதுதான்.

மறுப்புச் செய்தியின் கடைசியில் "எஸ்யூ டைரக்டிவ் போடு" என்றும் இருக்கும். அது வேறு சூழலுக்கு. இங்கே சரியான வைத்தியம் உரிமையைத் திருத்துவது:

சூடோ சிஎச்ஓன் ரூட்:ஏடிஎம் /எஸ்ஆர்வி/சைட்/லாக்ஸ்
சூடோ ஃபைண்ட் /எஸ்ஆர்வி/சைட்/லாக்ஸ் -டைப் டி -எக்ஸெக் சிஎச்மாட் 755 {} +
சூடோ ஃபைண்ட் /எஸ்ஆர்வி/சைட்/லாக்ஸ் -டைப் எஃப் -எக்ஸெக் சிஎச்மாட் 640 {} +

அடைவுக்கும் கோப்புக்கும் தனித்தனியாகப் போவதற்குக் காரணம் உண்டு. கோப்பில் எக்ஸ் என்றால் இயக்கலாம். அடைவில் எக்ஸ் என்றால் உள்ளே கடந்து போகலாம், அது இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கோப்புக்கு எவ்வளவு அனுமதி இருந்தும் பயனில்லை. சிஎச்மாட்டில் பெரிய எழுத்து எக்ஸ் அடைவுகளுக்கு மட்டும் இயக்க அனுமதி தரும் என்று படித்திருப்பீர்கள். ஏற்கெனவே இயக்க அனுமதி உள்ள கோப்புகளுக்கும் அது தரும். 777 போட்டபின் எல்லாக் கோப்புக்கும் அந்த அனுமதி ஏறிவிட்டதால் இங்கே அது உதவாது.

அடைவை 750 ஆக இறுக்க வேண்டாம். ரீஓபன் வரும்போது ஒர்க்கர்களும் தங்கள் பங்குக்கு லாகைத் திறக்கின்றன, அவை டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவாக ஓடுகின்றன. அடைவைக் கடக்க முடியாவிட்டால் பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கும்.

மேக்ஸ்சைஸ் பற்றி ஒன்று. 200 எம்பி ஆன கணமே சுழலும் என்று எண்ண வேண்டாம். லாக்ரொட்டேட் பின்னணியில் காத்திருக்கும் நிரல் இல்லை, டைமர் எழுப்பும்போது மட்டும் பார்க்கும். டெபியனில் அது நாளுக்கு ஒரு முறை. வேகமாக வளரும் லாக் என்றால் லாக்ரொட்டேட்.டைமரை மணிக்கொரு முறை ஆக்குங்கள். அதற்கு சிஸ்டம்சிடிஎல் எடிட் லாக்ரொட்டேட்.டைமர். திறக்கும் கோப்பில் டைமர் பகுதியில் ஆன்காலண்டர்= என்று காலியாக ஒரு வரி, அடுத்த வரியில் ஆன்காலண்டர்=ஹவர்லி (ஓ, சி பெரிய எழுத்து). காலி வரி இல்லாவிட்டால் பழைய அட்டவணையும் சேர்ந்தே ஓடும்.

#16 · புதுமுனையம்

ஒத்திகை சுத்தமாகப் போனது. சூடோ லாக்ரொட்டேட் -எஃப் போட்டு ஒரு முறை கட்டாயமாகச் சுழற்றினேன், புது லாகில் எழுதுகிறது.

லாக் படிக்க ஒவ்வொரு முறையும் சூடோ வேண்டாமே என்று, லாகைப் படிக்கும் உரிமையுள்ள ஏடிஎம் குழுவில் என்னைச் சேர்க்க, எஸ்யூ போட்டு ரூட்டாகி யூசர்மாட் தட்டினால் "கமாண்ட் நாட் ஃபவுண்ட்". நிர்வாகக் கட்டளையே இல்லாத டெபியனா?

#17 · இரவுப்பணி

இருக்குங்க, /யூஎஸ்ஆர்/எஸ்பின்ல. வெறும் எஸ்யூ உங்க பழைய பயனரோட பாத் மாறியையே (கட்டளையைத் தேடுற அடைவுகளோட பட்டியல்) தூக்கிட்டு வருது, அதுல எஸ்பின் இருக்காது. டெபியன் 10-லேருந்து இப்படித்தான். எஸ்யூ, இடைவெளி, ஒரு கோடு: எஸ்யூ - . அப்ப ரூட்டோட முழுச் சூழலும் வரும். இல்லேன்னா சூடோ யூசர்மாட்.

அதுல கவனம் வேண்டிய இடம்:

சூடோ யூசர்மாட் -ஏ -ஜி ஏடிஎம் பயனர்பெயர்

ஜி பெரிய எழுத்து. -ஏ விட்டுப்போனா "இந்தக் குழு மட்டும் போதும்"னு அர்த்தம். சூடோ குழுவிலேருந்து உங்களைத் தூக்கிடும். இருக்கிற செஷன்ல ஒண்ணும் தெரியாது, வெளியேறி மறுபடி வந்ததும் சூடோ மறுக்கும். குழு மாற்றம் அடுத்த லாகின்லதான் ஏறும், அதனால இந்த வேலையை முடிச்சதும் இன்னொரு முனையத்துல புதுசா நுழைஞ்சு ஐடி, அப்புறம் சூடோ -வி போட்டுப் பார்த்துட்டுத்தான் பழசை மூடணும்.

இதே பழக்கம் எஸ்எஸ்எச் மாத்தும்போதும். சூடோ எஸ்எஸ்எச்டி -டி போட்டு இலக்கணம் பாருங்க, சிஸ்டம்சிடிஎல் ரீலோட் எஸ்எஸ்எச் குடுங்க, புது முனையத்துல நுழைய முடியுதான்னு பாருங்க. பழைய இணைப்பு அறுபடாது, அதுதான் உங்க கயிறு. கடவுச்சொல் நுழைவை நிறுத்துறதுக்கு முன்னாடி சாவி வேலை செய்யணும்: .எஸ்எஸ்எச் அடைவு 700, ஆத்தரைஸ்ட்_கீஸ் 600. வீட்டு அடைவையே 777 ஆக்கியிருந்தா சாவி சரியா இருந்தும் எஸ்எஸ்எச்டி மறுத்துடும், காரணத்தை சர்வர் பக்கம் ஜர்னல்ல மட்டும்தான் சொல்லும்.

சூடோயர்ஸ் கோப்பை நேரா திறக்காதீங்க, விசூடோ வழியா மட்டும். தப்பான வரி இருந்தா அது சேமிக்கிறதுக்கு முன்னாடி நிறுத்திக் கேட்கும்.

#18 · மூலவேர்

சிஸ்டம்டியின் லாகான ஜர்னலையும் ஒரு பார்வை பாருங்கள். ஜர்னல்சிடிஎல் --டிஸ்க்-யூசேஜ். இயல்பான வரம்பு கோப்பு முறைமையின் 10 சதவீதம், உச்சம் 4 ஜிபி. உங்கள் ரூட்டில் 1.9 ஜிபி வரை போகலாம். 20 ஜிபி டிஸ்க்குக்கு அது அதிகம். /ஈடிசி/சிஸ்டம்டி/ஜர்னல்டி.கான்ஃப்.டி என்ற அடைவை உருவாக்கி, அதில் .கான்ஃப் என்று முடியும் ஒரு கோப்பில் ஜர்னல் பகுதியின் கீழ் சிஸ்டம்மேக்ஸ்யூஸ்=300எம் (எஸ், எம், யூ, கடைசி எம் பெரிய எழுத்து) என்று எழுதி, சிஸ்டம்டி-ஜர்னல்டி சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். சூடோ ஆப்ட் கிளீன் பழைய தொகுப்புக் கோப்புகளை எடுக்கும், சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் பழைய கெர்னல்களை.

விர்ச்சுவல் மெஷின் கையில் இருக்கும்போது ஒரு பயிற்சியைத் தவற விடாதீர்கள். ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு, எஃப்எஸ்டேப்பில் நோஃபெயில் இல்லாமல் பொய்யான யூயூஐடி ஒன்றை எழுதி ரீபூட் செய்யுங்கள். ரூட் பூட்டியிருந்தால் உள்ளே போக வழியிருக்காது. பூட் ஆகும்போது வரும் கிரப் பட்டியலில் ஈ தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் இனிட்=/பின்/பாஷ் சேர்த்து, கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்துங்கள். ரூட் ஷெல் வரும், கோப்பு முறைமை படிக்க மட்டும் என்ற நிலையில் இருக்கும். மவுன்ட் -ஓ ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ / போட்டு, நேனோவில் அந்த வரியின் முன்னால் # வைத்து, சிங்க் கொடுத்து, எக்ஸெக் /எஸ்பின்/இனிட் என்று தொடருங்கள். எக்ஸிட் தட்டினால் கெர்னல் பேனிக் ஆகும், ஏனென்றால் அந்த பாஷ்தான் அப்போது முதல் புராசஸ்.

ரீமவுன்ட் செய்யாமல் நேனோ திறப்பவர்கள் கடைசியில் சேமிக்க முடியாமல் திகைப்பார்கள். இரண்டு முறை செய்து பார்த்தால் விரலுக்கு வந்துவிடும்.

#19 · புதுமுனையம்

செய்து பார்த்தேன், இரண்டாம் முறை தாள் பார்க்காமல் வந்தது. இப்போது டிஎஃப்: அளவு 19ஜி, பயன் 8.3ஜி, மிச்சம் 9.3ஜி.

ஒரு கடைசிக் கேள்வி. பேக்கப் டிஸ்க்கிலும் அந்த 5 சதவீதம் சும்மா கிடக்கிறதே, எடுத்துவிடலாமா? கோப்பு முறைமையைக் கழற்ற வேண்டுமா?

#20 · கடைமடை

எடுக்கலாம். 10 ஜிபியில் அது 500 எம்பி. தரவு மட்டும் இருக்கும் டிஸ்க்கில் ரூட்டுக்கென்று ஒதுக்க அவசியமில்லை, அதுவும் உங்கள் ஆர்சிங்க் ரூட்டாகவே ஓடுவதால் அந்த ஒதுக்கீடு யாரையும் தடுக்கப்போவதுமில்லை. மவுன்ட் ஆகியிருக்கும்போதே செய்யலாம்:

எல்எஸ்பிஎல்கே -எஃப்
சூடோ டியூன்2எஃப்எஸ் -எம் 0 /டெவ்/எஸ்டிபி1

எம் சிறிய எழுத்து. முதல் வரியைத் தவிர்க்காதீர்கள், எஸ்டிபி1 இன்றைக்கும் பேக்கப் டிஸ்க்தானா என்று அந்த வெளியீட்டில் பார்த்த பிறகே இரண்டாவது. ரூட் டிஸ்க்கில் 5 சதவீதம் அப்படியே இருக்கட்டும். முழுக்க நிரம்பிய டிஸ்க்கில் நீங்கள் எல்எஸ்ஓஎஃப் நிறுவ முடிந்தது அதனால்தான்.